விதையிலிருந்து விதை வரை: வீட்டுத் தோட்டத்தில் குடைமிளகாயும் கறிமிளகாயும்

சாட்டியில் ஒரு தாய் கடதாசியில் மடித்து வைத்திருந்த விதைகளை என்னிடம் விரித்துக் காட்டி, “சுவாமி, இது முளைக்குமோ?” என்று கேட்டார். பட்டணத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த சிவப்புக் குடைமிளகாயைக் கறிக்கு வெட்டியபோது வழித்தெடுத்த விதைகள் அவை. அவருடைய குடும்பம் 1991ஆம் ஆண்டு தீவை விட்டு வெளியேறியது. வலிகாமம், 1995இல் தென்மராட்சி, பிறகு வன்னி என்று நான்கு இடங்களில் பிறர் காணியில் இருந்து, போர் முடிந்த பின்னர் ஊர் திரும்பியது. புறப்பட்ட அன்று அடுப்படிப் பரணில் கிடந்த விதைப் போத்தல்களை எடுக்க அவகாசம் கிடைக்கவில்லை. கத்தரி, வெண்டி, பயிற்றை, கறிமிளகாய் எல்லாம் அந்தப் பரணோடு போயின.

அவருடைய கேள்விக்கு “முளைக்கும்” என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் முளைப்பது வேறு, காய்ப்பது வேறு, அந்தக் காயின் விதையை வைத்து அடுத்த ஆண்டும் அதே காயைப் பெறுவது வேறு. இந்தப் பாடத்தில் மூன்றையும் பார்ப்போம். இடம்பெயர்ந்து பிறர் காணியில் இருப்போருக்கும், திரும்பி வந்து வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நிற்போருக்கும் கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம் என்பது என் எண்ணம்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்குவோம். நாம் உறைப்புக்குப் போடும் மிளகாய், நீண்டு வெளிறிய கறிமிளகாய், பெட்டி போல் பருத்த குடைமிளகாய் ஆகிய மூன்றும் ஒரே இனப் பயிர்கள். மூன்றின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம். போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் நம் கரைகளுக்கு வந்த பின்னரே இவை இங்கு பரவின. அதற்கு முன் நம் முன்னோர் கறிக்கு உறைப்பூட்டியது மிளகினால். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்ற பெயர் வந்தது. உறைக்காத குடைமிளகாயையும் அதே பெயரால் அழைப்பது ஒரு வேடிக்கைதான்.

குடைமிளகாய் உறைக்காமல் இருப்பதற்குக் காரணம், உறைப்பை உண்டாக்கும் பரம்பரை அலகு அதில் பழுதுபட்டிருப்பது. அந்த அலகு எது என்பதை விஞ்ஞானிகள் 2005ஆம் ஆண்டளவில் இனங்கண்டார்கள். உறைப்பு ஓங்கிய குணம். இனிப்பு ஒடுங்கிய குணம். இதை மறந்துவிடாதீர்கள். விதை எடுக்கும் இடத்தில் இது மீண்டும் வரும்.

எதை நடுவது?

இலங்கையில் குடைமிளகாய் பெரும்பாலும் மலையகத்தில், நுவரெலியா, பதுளை போன்ற குளிர்ந்த மாவட்டங்களில், கூடாரங்களுக்குள் வளர்க்கப்படுகிறது. அதற்கு இரவுக் குளிர் வேண்டும். பகல் வெப்பம் 32 பாகையைத் தாண்டினாலும், இரவு 24 பாகைக்கு மேல் நின்றாலும் பூக்கள் பிஞ்சாகாமல் கொட்டும். நமது தீவுகளில் அந்த அளவுக்கு இரவு குளிர்வது மார்கழி, தை மாதங்களிலும் மாசியின் முற்பகுதியிலும் மட்டுமே. ஆகவே குடைமிளகாயை இங்கு வளர்க்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஒரு குறுகிய வாசல் திறக்கும். அந்த நேரத்தில் பூ இருக்க வேண்டும்.

கறிமிளகாய் அப்படியல்ல. விவசாயத் திணைக்களம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்துவரும் ‘சீஏ 8’, ‘ஹங்கேரியன் யெலோ வக்ஸ்’ போன்ற இனங்கள் உலர் வலய வெப்பத்தை ஓரளவு தாங்கும். அவை கலப்பின விதைகளும் அல்ல. ஒருமுறை வாங்கி ஒழுங்காகக் காப்பாற்றினால் பின்னர் விதைக் கடைக்குப் போக வேண்டியதில்லை. சந்தைக் குடைமிளகாயோ பெரும்பாலும் இறக்குமதி செய்த கலப்பின விதையில் விளைந்தது. அதன் விதையை நட்டால் செடி வரும், காயும் வரும். ஆனால் ஒன்று பருத்தும் ஒன்று சிறுத்தும் ஒன்று கூர்த்தும் நிற்கும். தாய்க்காயைப் போல் எல்லாம் அமையாது. 2022ஆம் ஆண்டு ரூபாய் சரிந்தபோது இறக்குமதி விதைகளின் விலை எப்படி ஏறியது என்பது தோட்டம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும்.

எனவே என் ஆலோசனை இது. முப்பது செடி வைக்க இடமிருந்தால் இருபத்தைந்தைக் கறிமிளகாயாக வையுங்கள். ஐந்தைக் குடைமிளகாயாக வைத்துப் பழகிப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் விளையாட்டாக இருக்கும்.

இந்தக் காய் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. முகாம்களில் நமக்குக் கிடைத்த நிவாரணம் அரிசி, மா, பருப்பு, சீனி என்றுதான் இருந்தது. வயிறு நிரம்பியது, பச்சைக் காய்கறி இல்லாமல் பிள்ளைகளின் உடல் வாடியது. பழுத்த குடைமிளகாயும் கறிமிளகாயும் உயிர்ச்சத்து ‘சி’ நிறைந்தவை. அந்தச் சத்தை ஆராய்ந்து 1937இல் நோபெல் பரிசு பெற்ற ஹங்கேரிய அறிஞர் ஆல்பர்ட் சென்ற் ஜியோர்ஜி, அதைப் பெருமளவில் பிரித்தெடுத்தது தம் நாட்டு மிளகாயிலிருந்தே. பச்சைக்காயிலும் பார்க்கப் பழுத்த காயில் அது அதிகம். அடுப்பில் நெடுநேரம் வேகவிட்டால் பெரும் பகுதி அழியும். ஒன்றிரண்டையாவது வெங்காயம், தேசிக்காய்ப் புளியுடன் பச்சையாகச் சம்பலாக்கிக் கொடுங்கள்.

தண்ணீர்

தீவகத்தில் எந்தத் தோட்டப் பேச்சும் கிணற்றில்தான் தொடங்க வேண்டும். சாட்டி மணலுக்கு அடியில் நிற்கும் நன்னீர் சுற்றுவட்டாரம் அறிந்தது. அயல் ஊர்களுக்கும் தீவுகளுக்கும் இங்கிருந்து குடிநீர் போயிருக்கிறது. அந்த நன்னீர் ஆறோ ஊற்றோ அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழை மணலில் இறங்கி, பாரமான உவர்நீரின் மேல் வில்லை போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது நிற்கும் என்பது கணக்கு. இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர்நீர் 40 அடி ஏறத் தொடங்கும். இயந்திரத்தால் ஒரே மூச்சில் இறைக்கும் கிணறுகள் விரைவில் உவராவதற்குக் காரணம் இதுதான். முப்பது செடிக்கு இயந்திரம் தேவையில்லை. செடி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர்; மொத்தம் நான்கு வாளி. காலையில் இரண்டு, பின்னேரம் இரண்டு என்று அள்ளினால் கிணற்றுக்கும் வலிக்காது, அயல்வீட்டுக் குடிநீருக்கும் கேடு வராது.

மிளகாய்க் குடும்பம் உப்பைத் தாங்குவதில் நடுத்தரத்துக்கும் கீழ். விவசாயத் திணைக்களத்தாரிடம் உவர் அளக்கும் கருவி உண்டு. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு போத்தல் கிணற்று நீரைக் கொண்டுபோய் அளந்து தரும்படி கேளுங்கள். கருவி 1.0 டெசி சீமன்ஸ் காட்டும் வரை விளைச்சலில் குறைவில்லை. 1.5 என்றால் பத்தில் ஒன்று போகும். 2.2 என்றால் காற்பங்கு. 3.4 என்றால் பாதி. கருவி கிடைக்காதவர்களுக்கு நாக்கு இருக்கிறது. வாயில் விட்டவுடன் உப்பு தெளிவாகத் தெரிந்தால் அந்த நீர் இந்தப் பயிருக்கு ஏற்றதல்ல. வேறு கிணறு பாருங்கள், அல்லது பீற்றூட், கீரை என்று உப்புத் தாங்கும் பயிருக்குப் போங்கள். சவர்க்காரம் நுரைக்காத நீர் என்பது வேறு விடயம். அது சுண்ணாம்பு கலந்த வன்னீர். அதற்காகப் பயிரைக் கைவிடத் தேவையில்லை.

நாற்றுக்குத்தான் உப்பு மிகக் கேடு. வளர்ந்த செடி பொறுக்கும் நீரில் முளைக் குருத்து கருகும். ஆகவே நாற்றுப் பருவம் முழுவதற்கும் மழைநீரையே பயன்படுத்துங்கள். இதற்குப் பெரிய தொட்டி வேண்டாம். பத்து அடி அகலமும் இருபது அடி நீளமும் உள்ள தகரக் கூரையில் ஒரு சென்ரிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ 180 லீற்றர் வழியும். நாற்பது கோப்பை நாற்றுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் போதும். ஐந்து வாரத்துக்கு 90 லீற்றர். ஐப்பசியில் ஒரு நல்ல மழைக்குப் பரலை வைத்தால் கணக்கு முடிந்தது. பரலின் வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். திறந்து வைத்தால் டெங்கு நுளம்புதான் முதலில் விளையும்.

பூவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை நான் குடைமிளகாய் விதைத்தது மாசி மாதம். நாற்று அழகாக வந்தது, செடி பச்சைப்பசேலென்று நின்றது, சித்திரையில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. பார்க்க வந்தவர்களிடம் பெருமையாகப் பேசினேன். இரண்டு வாரத்தில் பூக்கள் எல்லாம் மண்ணில் கிடந்தன. உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் எரு இட்டேன். செடி மேலும் தழைத்தது, பூ மேலும் கொட்டியது. செடியில் குறை எதுவும் இல்லை. நான்தான் மாதத்தைப் பார்க்காமல் விதைத்திருந்தேன்.

விதைத்து முளைக்கப் பத்து முதல் பதினான்கு நாள். நாற்று நடத் தகுதியாக ஐந்து வாரம். நட்டபின் பூக்க ஐந்து, ஆறு வாரம். பூவைத் தை மாதத்தில் காண வேண்டுமானால் குடைமிளகாய் விதையை ஐப்பசி முதல் கிழமையிலேயே, மழை படாத தாழ்வாரத்தில் போட வேண்டும். கார்த்திகைக் கடைசியில் அல்லது மார்கழி தொடக்கத்தில் நிலத்துக்கு மாற்றலாம். கறிமிளகாய்க்கு அவ்வளவு அவசரமில்லை. கார்த்திகையில் விதைத்து, மார்கழிக் கடைசியில் மழை ஓய்ந்து வரும்போது நட்டால் மாசியிலிருந்து காய் பறிக்கலாம். வைகாசியில் சோளகக் காற்று எழும்பும் முன் பயிர் முடிந்துவிட வேண்டும். அந்தக் காற்று கிளையையும் முறிக்கும், மண்ணிலுள்ள ஈரத்தையும் குடித்துவிடும்.

நாற்று

சந்தைக் காயிலிருந்து விதை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சைக் குடைமிளகாய் முற்றாத காய். அதன் விதையும் முற்றாதது, பெரும்பாலும் முளைக்காது. முழுதாகச் சிவந்த அல்லது மஞ்சளாகிய காயின் விதையே முளைக்கும். அந்தத் தாயின் கடதாசி மடிப்பில் இருந்தவை சிவப்புக் காயின் விதைகள் என்பதால் நம்பிக்கையோடு பதில் சொன்னேன்.

விதையை ஓர் இரவு மழைநீரில் ஊறவிடுங்கள். கழிவு யோகட் கோப்பைகளின் அடியில் இரண்டு துளையிட்டு, மணல் ஒரு பங்கு, மேல்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். நிரப்பும் முன் இந்தக் கலவையின் மேல் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் நாற்றை அடியில் அழுகச் செய்யும் பங்கசு பெரும்பாலும் மடியும். நிலத்தில் நாற்றுமேடை போடுபவர்கள் மேடையின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரிக்கும் பழைய முறையைக் கைக்கொள்ளலாம். கோப்பைக்கு இரண்டு விதை, கால் அங்குல ஆழத்தில். முளைக்கும் வரை ஈரத்துணியோ சாக்கோ மூடி நிழலில் வையுங்கள். முளை தெரிந்த அன்றே மூடலை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் தண்டு வெளிறி நூலாக நீளும். பிறகு காலை வெயில், மதிய நிழல். இரண்டில் பலவீனமானதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும்.

நாற்றழுகலுக்கு முதற் காரணம் அன்பு. அதாவது, ஒரு நாளைக்கு நான்கு முறை தண்ணீர் தெளிப்பது. மேல்மண் காய்ந்து நிறம் மாறிய பின் ஊற்றினால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை வேலணைப் பக்கத்தாருக்கு. இது புகையிலை விளைந்த மண். புகையிலையும் மிளகாயும் ஒரே குடும்பம். புகையிலைத் தேமல் வைரசு காய்ந்த இலையிலும் சுருட்டிலும்கூட உயிரோடிருக்கும். சுருட்டுக் குடித்த கையால் நாற்றைத் தொட்டால் நோய் தொற்றும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். ஒரு பெரியவர் இதைக் கேட்டு, “அப்ப நாற்றை மனிசி பார்க்கட்டும்” என்றார். அது தீர்வாகாது என்று சொன்னேன்.

நிலமா, பையா?

சொந்தக் காணி உள்ளவர்கள் பாத்தி கட்டலாம். பிறர் காணியில் இருப்பவர்களுக்கு நான் உரப்பையைச் சிபார்சு செய்கிறேன். காணிக்காரர் எழும்பச் சொன்னால் பையோடு செடியும் வண்டியில் ஏறும். ஐம்பது கிலோ உரப்பையைப் பாதியாக மடித்து, அடியிலும் பக்கத்திலும் துளையிட்டு, மண்ணும் எருவும் சமமாக நிரப்பினால் ஒரு செடிக்குத் தாராளம். உரம் ஒட்டியிருந்த பையைக் கழுவிக் காயவிட மறக்காதீர்கள்.

பாத்தி கட்டுவோர் ஐப்பசியின் முதல் மழைகளை நிலத்தில் இறங்கவிட வேண்டும். கோடையில் மேலேறிப் படிந்த உப்பை அந்த மழை கழுவிக் கீழே இறக்கும். பிறகு பூவரசு, கிளிசறியா, வேம்பு எது கிடைத்தாலும் குழை தாழ்த்தி, ஆட்டெருவோ மாட்டெருவோ கலந்து மண்மேடையை அரையடி உயர்த்துங்கள். சாட்டி மணல் நீரைப் பிடிக்காது; எருவும் குழையும்தான் அதற்குப் பஞ்சு. கரையில் ஒதுங்கும் சாதாளையை நம் முன்னோர் உரமாகப் பயன்படுத்தினார்கள். நல்ல உரம்தான். ஆனால் கரையிலிருந்து அள்ளிய கையோடு போடக் கூடாது. ஒரு மாரி முழுவதும் வெளியில் குவித்து மழையில் உப்பு நீங்க உக்கவிட்டு, அடுத்த பயிருக்கு இடுங்கள்.

வரிசைக்கு இரண்டு அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. வெயில் தணிந்த பின்னேரம் நட்டு, முதல் நான்கு நாள் கிடுகால் நிழல் கொடுங்கள். வாடைக் காற்று வரும் பக்கத்தில் பனையோலை மறைப்பு வேண்டும். கடலோரக் காணியில் அந்தக் காற்று உப்புத் துகளையும் சேர்த்துக்கொண்டு வரும். செடியைச் சுற்றிச் சருகு அல்லது நறுக்கிய பனையோலையைக் கனமாகப் பரப்புங்கள். இதனால் ஈரம் நிற்பதோடு, வெயில் மண்ணின் நீரை உறிஞ்சி உப்பை மேலே கொண்டுவருவதும் குறையும். தண்ணீரை இலையில் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். தொட்டுத் தெளிப்பதைவிட வேருக்கு இறங்கும்படி ஊற்றுவது நல்லது. பையில் வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை அடித்துளையால் வழியும் வரை ஊற்றினால் சேர்ந்த உப்பு வெளியேறும்.

நமது மண் சுண்ணாம்பு மண். குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை என்று பொருள். உக்கிய எருவைக் கூட்டுவதே எளிய மருந்து. காயின் நுனி கறுத்துத் தோல்போல் காய்வது இன்னொரு குறை. அது சுண்ணாம்புச் சத்துப் போதாமையால் வருவது என்று சொன்னால், “சுண்ணாம்புக் கல்லின் மேல் இருந்துகொண்டு சுண்ணாம்பு போதாதா?” என்று கேட்பீர்கள். மண்ணில் உண்டு, ஆனால் அது நீரோடுதான் காய்க்குப் போக வேண்டும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் அந்த ஓட்டம் தடைப்படும். உவர்நீரும் அதைத் தடுக்கும். ஒழுங்காகத் தண்ணீர் கொடுத்தால் அடுத்து வரும் காய்கள் நன்றாக இருக்கும்.

பூச்சிகளை இலையே காட்டிக்கொடுக்கும். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிற்றுண்ணி. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்துப் பொழுதுபடும் நேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வெண் ஈ கொண்டுவரும் வைரசு பிடித்து மஞ்சளாய்ச் சுருங்கிய செடிக்கு மருந்தில்லை. மனம் கல்லாக்கிப் பிடுங்கி எரிக்க வேண்டும். கத்தரி, தக்காளி, புகையிலை நின்ற இடத்தில் அடுத்த ஆண்டு மிளகாய் வேண்டாம். பயறு அல்லது வெங்காயம் போடுங்கள்.

விதை எடுத்தல்

பலர் என்னிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்று: “கறிமிளகாய்க்குப் பக்கத்தில் மிளகாய் நட்டேன், கறிமிளகாய் உறைக்கத் தொடங்கிவிட்டது.” நடந்தது உண்மை, ஆனால் நடந்த காலம் வேறு. தேனீயோ எறும்போ உறைப்பு மிளகாயின் மகரந்தத்தைக் கறிமிளகாய்ப் பூவில் சேர்த்தாலும் இந்த ஆண்டுக் காய் உறைக்காது. காயின் சதையும் தோலும் தாய்ச் செடியுடையவை. உள்ளே இருக்கும் விதை மட்டுமே இருவருடைய பிள்ளை. அந்த விதையை அடுத்த ஆண்டு நட்டால், ஓங்கிய குணம் உறைப்பு என்பதால், செடியில் வரும் காய் உறைக்கும். அதாவது, தப்பு நடந்து ஓர் ஆண்டின் பின்னரே தெரியவரும். அதற்குள் நல்ல விதை முடிந்துபோயிருக்கும்.

விதை உற்பத்தி செய்வோர் இரண்டு இனங்களுக்கிடையே பல நூறு மீற்றர் இடைவெளி விடுவார்கள். நம் வளவில் அது நடவாது. அயல் வேலிக்கு அப்பாலும் மிளகாய் நிற்கும். அதற்கு எளிய வழி உண்டு. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்ளக் கூடியது. உங்கள் கறிமிளகாயில் நோயில்லாத, நிறையக் காய்க்கும் ஐந்தாறு செடிகளைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொன்றிலும் மொட்டு மட்டும் உள்ள ஒரு கிளையைப் பழைய நுளம்புவலைத் துணியால் பை போல் மூடி அடியில் கட்டுங்கள். ஏற்கெனவே விரிந்த பூ இருந்தால் கிள்ளிவிடுங்கள். காலையில் கிளையை மெதுவாகத் தட்டினால் மகரந்தம் உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும். இரண்டு மூன்று பிஞ்சு தெரிந்ததும் வலையைக் கழற்றி, அந்தக் காய்களின் காம்பில் வண்ண நூல் கட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: நூல் கட்டிய காய் கறிக்கு அல்ல. சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை அடுப்படி அறியும்.

ஒரே செடியில் மட்டும் விதை எடுக்க வேண்டாம். ஐந்தாறு செடிகளின் விதையைக் கலந்து வைத்தால் இனம் மெலியாது. பார்வைக்குப் பெரிதான ஒரு காயை மட்டும் பார்த்துத் தெரிவுசெய்யவும் வேண்டாம். செடி முழுவதையும் பாருங்கள்.

காய் செடியிலேயே முழுதாகச் சிவக்க வேண்டும். பறித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, தோல் சுருங்கத் தொடங்கியதும் பிளந்து விதையை எடுங்கள். பழுப்பு நிறமானதையும் மெலிந்ததையும் நீக்கிவிடுங்கள். கடதாசியில் பரப்பி நிழற்காற்றில் ஒரு கிழமைக்குக் குறையாமல் உலர்த்த வேண்டும். கொதிக்கும் வெயிலும் தகரக் கூரையும் முளையைக் கொல்லும். விதையை வளைத்தால் வளையாமல் முறியும் நிலை வந்ததா என்று பாருங்கள். பிறகு சிறு போத்தலில் அரைவாசி விதை, அதன் மேல் துணியில் முடிந்த காய்ந்த சாம்பல் அல்லது வறுத்து ஆறிய அரிசி. ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். மூடியை இறுக்கி, இனத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒட்டுங்கள். நம் வெப்பத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் நம்பியிருக்க வேண்டாம்.

ஒரு காயில் நூற்றுக்கு மேல் விதை இருக்கும். வீட்டுத் தேவைக்கு இரண்டு மூன்று காயே மிஞ்சும். ஆகவே விதையை இரண்டு போத்தலில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில். மற்றது வேறு ஊரில் இருக்கும் சகோதரியிடமோ மகளிடமோ. 1991இலும் 1995இலும் பரணில் விட்டுவந்தவர்களுக்கு இதன் காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

அந்தத் தாயின் கடதாசி மடிப்பில் இருந்தவை முப்பத்தொரு விதைகள். பத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றிச் சிரட்டையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் ஏழு முளைத்திருந்தன. கலப்பினப் பிள்ளைகள், எப்படிக் காய்க்கும் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கறிமிளகாய் விதை ஒரு சிறு பொதியும் அவருக்குக் கொடுத்தேன். நீங்களும் ஐப்பசிக்கு முன் உங்களிடம் இருக்கும் பழைய விதையில் பத்தை இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஆறுக்குக் குறைவாக முளைத்தால் அந்தப் போத்தலை நம்பாமல் புதிய விதை தேடுங்கள். தேட இன்னும் நேரம் இருக்கும்.